அரசுப் பள்ளிக்கு மைதானமும் ஒரு சின்ன ஜிம்மும்: வேலூர்ப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

பள்ளிக்கு விளையாட்டு வசதி செய்து தருகிறேன் என்று யாராவது முன்வந்தால், முதலில் வந்து இறங்குவது பொருள்தான். பந்து, வலை, கேரம் போர்டு; வந்தவர் தாராள மனசுக்காரர் என்றால் ஒரு ட்ரெட்மில். போட்டோ எடுப்பார்கள், தலைமை ஆசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். வெளியே மைதானத்தில் சீமைக்கருவேல முள்ளும் சரளையும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ட்ரெட்மில் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் நிலம், அப்புறம் மழைத்தண்ணீர் போகும் வழி, பிறகு மண், கோடு, கம்பி. அறையும் பளுவும் கடைசியில்தான். கையில் இருக்கும் காசு எவ்வளவாக இருந்தாலும் இதே வரிசையில் செலவழியுங்கள். பாதியில் நின்றுபோனாலும் அதுவரை செய்தது பிள்ளைகளுக்குப் பயன்படும்.

காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் இருக்கிற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 2019-இல் பிரிந்துபோன ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கும் பொருந்தும். பழைய வட ஆர்க்காடு முழுவதுமே மண்ணும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜிம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பான், மீண்டு எழுந்த பிறகு ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உடற்பயிற்சிக் கூடம் கட்டியது. நிலநடுக்கம் வந்தால் ஊரே போய்த் தங்குவதும் அந்தக் கூடத்தில்தான். ஒரே கூரைக்கு இரண்டு வேலை. நமக்கு இருப்பது ஒரு காலி வகுப்பறைதான், ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் தயாராகும் ஊர் இளைஞர்கள் என்று இருந்தால், அந்த அறையையும் மைதானத்தையும் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கும்.

முதல் படி: நிலம் யாருடையது, எவ்வளவு

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பள்ளி நிலத்தின் சர்வே எண், 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பல ஊர்களில் மைதானம் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் ஒரு பகுதி பள்ளி பெயரிலும் மீதி புறம்போக்காகவும் இருக்கும். வேலி ஓரத்தில் யாராவது வைக்கோல் போர் போட்டிருப்பார்கள். சண்டைக்குப் போகாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு கொடுங்கள். சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டால் பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும்.

தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா, மூடாத கிணறு இருக்கிறதா, இடிக்க வேண்டிய கட்டடம் நிற்கிறதா என்று இதே சமயத்தில் பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்த இடத்தில் அடித்தளம் மட்டும் மேடை போல மிஞ்சியிருக்கும் பள்ளிகள் உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை வெட்டி எடுத்து மேலே பூசிவிட்டால், யோகாவுக்கும் தண்டாலுக்கும் அதைவிட நல்ல மேடை கிடைக்காது.

எவ்வளவு இடம் இருந்தால் என்ன செய்யலாம்? சுமார் 30 சென்ட் இருந்தால் ஒரு கோ-கோ, ஒரு வாலிபால், ஒரு கபடி ஆடுகளம், சுற்றிலும் விட வேண்டிய காலி இடம் உட்படக் கணக்குக்கு அடங்கும். நிலம் நீள்சதுரமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 200 மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்றால் 90 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே தேவை. 400 மீட்டர் பாதையை மறந்துவிடுங்கள். அது வேலூர் நேதாஜி ஸ்டேடியம் மாதிரி இடங்களுக்கானது.

இரண்டாம் படி: பணமும் ஆளும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைக்கு 25,000. இது பந்துக்கும் வலைக்கும் சரியாகப் போய்விடும். மைதானம் அமைக்கும் பணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி இருக்கிறது. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாக நிறுவனங்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்கலாம். முள் வெட்டுவது, தரை சமன் செய்வது மாதிரி வேலைகளை ஊராட்சி வழியாகச் செய்ய முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே போனாலும், "விளையாட்டு வசதி செய்து தாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக மனு எழுதாதீர்கள். "வாலிபால் ஆடுகளம் ஒன்று, சின்னிங் பார் மூன்று, வடிகால் 60 மீட்டர்" என்று எழுதினால்தான் பொறியாளர் மதிப்பீடு போடுவார்.

ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்பட்ட கலைஞர் விளையாட்டுத் தொகுப்பு உங்கள் ஊரிலும் எங்கேயாவது பூட்டிக் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். புதிதாக வாங்கும் முன் அதைத் திறக்கச் சொல்வது சுலபம்.

ஆள் பலத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். மற்ற ஊர்களிலும் ஓய்வு பெற்று வந்த ஹவில்தாரோ சுபேதாரோ கண்டிப்பாக இருப்பார். காலையில் எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். அவரைப் போய்க் கூப்பிட்டால் சம்பளம் கேட்க மாட்டார், மரியாதையைத்தான் எதிர்பார்ப்பார். பி.டி. சாருக்கு உதவியாக அவரை மேலாண்மைக் குழு வழியாக, எழுத்தில், முறைப்படி அழையுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரும் மண்ணும்

இதில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

2020 நவம்பரில் நிவர் புயல், அடுத்த வருடமே பாலாற்றில் வெள்ளம். வறண்ட மாவட்டம் என்று பேர் வாங்கினாலும், பெய்தால் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மைதானத்தில் தண்ணீர் தேங்கினால் முதலில் போவது நீங்கள் செலவழித்துப் போட்ட மேல்மண். மழை நாளில் குடையோடு போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள்: பத்து மீட்டர் போனால் பத்து செ.மீ. இறங்க வேண்டும். கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும். இதைவிட அதிகமாகச் சரித்தால் விளையாடுகிறவருக்குத் தெரியும், மண்ணும் அரிக்கும். சுற்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டி, முடிந்தால் கடைசியில் ஒரு மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடுங்கள். கோடையில் ஆடுகளத்துக்குத் தெளிக்கத் தண்ணீர் தரும் போர்வெல்லுக்கு அது நல்லது.

மண் வேலையைப் பலரும் மே மாத விடுமுறைக்குத் தள்ளுகிறார்கள். அப்போது நம்மூர் மண் கல்லாக இருக்கும். டிராக்டர் கலப்பை மேலோடு மட்டும் கீறிவிட்டுப் போகும், ரோலர் ஓட்டினாலும் புழுதிதான் கிளம்பும். பொங்கல் முடிந்த கையோடு, நிலத்தில் ஈரம் மிச்சம் இருக்கும்போது செய்யுங்கள். பள்ளி நடக்கிறதே என்றால் பாதி மைதானத்தை ஒரு வாரம், மீதியை அடுத்த வாரம். ரோட்டவேட்டர் ஓட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கல் பொறுக்கி, சமன் செய்து, தண்ணீர் தெளித்து, மறுநாள் ரோலர். ஆவணி மழையில் எங்கெல்லாம் உள்வாங்குகிறதோ அங்கே மட்டும் இரண்டாம் முறை மண் போட்டால் போதும்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மண் ஒத்துவராது. கோ-கோவில் ஓடித் திரும்ப வேண்டும், ஆகவே தரை கெட்டியாக இருக்க வேண்டும். கபடியில் விழ வேண்டும், ஆகவே பொதுபொதுவென்று இருக்க வேண்டும். இடம் இல்லை என்று கோ-கோ களத்துக்குள்ளேயே கபடிக் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். அளவு பொருந்தும், முட்டி பொருந்தாது. கபடிக்கு மட்டுமாவது தனி இடம் ஒதுக்கி, ஒரு சாண் ஆழம் தோண்டி, சலித்த செம்மண், மணல், மரத்தூள் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். நான் செம்மண் மூன்று கூடை என்றால் மற்ற இரண்டும் ஒவ்வொரு கூடை என்று போடச் சொல்வேன். மாட்டு எரு கலப்பது பழைய வழக்கம். திறந்த சிராய்ப்பில் அந்த மண் பட்டால் ரணஜன்னி (டெட்டனஸ்) பயம் இருப்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை. எப்படியும் 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி எல்லோருக்கும் போட்டாயிற்றா என்று சுகாதாரச் செவிலியரிடம் பட்டியல் சரிபாருங்கள். கபடி ஆடுபவர்கள் பட்டியலை முதலில்.

நீளம் தாண்டும் குழிக்கு எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். உடைத்த கல்லின் துகள் அது, முனை கூர்மையாக இருக்கும், தோலைச் சீவும், ஈரம் பட்டால் இறுகியும் போகும். உருண்ட ஆற்று மணல்தான் சரி. பாலாறு பக்கத்திலேயே இருக்கிறது என்று ராத்திரியில் வரும் மாட்டு வண்டி மணலை வாங்கி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பில் உள்ள மணலாக, கொஞ்சமாக வாங்கினாலும் போதும். குழி 2.75 மீட்டர் அகலம், தாண்டும் பலகையிலிருந்து குழியின் கடைசி வரை 10 மீட்டர். குழியைச் சுற்றி அழகுக்காகச் செங்கல்லைக் குத்துக்கல்லாக நட்டு வெள்ளையடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் தரைக்கு மேல் துருத்தாமல் இருந்தால் மட்டுமே விடுங்கள், இல்லையென்றால் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறை தாண்டும் முன்னும் மண்வெட்டியால் கிளறிவிடுவது கட்டாயம்.

நான்காம் படி: கோடு போடுவது

நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கட்டும். காலை, மாலை இரண்டு வேளையும் சூரியன் யார் கண்ணிலும் நேராக அடிக்காது.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்களவுதான் வழி. வாலிபால் 18-க்கு 9 மீட்டர். எதிரெதிர் மூலைக்கு டேப் பிடித்தால் 20.12 மீட்டர் வர வேண்டும். ஆண்கள் கபடி 13-க்கு 10, குறுக்களவு 16.40. பெண்களுக்கு 12-க்கு 8, குறுக்களவு 14.42. கோ-கோ 27-க்கு 16, குறுக்களவு 31.38. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் மட்டம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே செய்யுங்கள். பிதாகரஸ் தேற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கணக்கு வாத்தியாரும் சந்தோஷப்படுவார், பி.டி. பீரியடைக் கடன் கேட்க மாட்டார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கபடியில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதிலிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு, இரு பக்கமும் ஒரு மீட்டர் லாபி; இது ஆண்கள் களத்துக்கு. வாலிபால் வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு மீட்டரில் கட்டுங்கள், எந்த நடுவரும் வந்து கேட்கப் போவதில்லை. கோ-கோ கம்பத்துக்குத் தரைக்கு மேல் 120 செ.மீ. வேண்டும், வழவழப்பாக இழைத்திருக்க வேண்டும்.

ஓடுபாதைதான் கொஞ்சம் கணக்கு. நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டங்களில் வர வேண்டும். 120-ஐ 6.2832-ஆல் (2π) வகுத்தால் 19.10 மீட்டர். ஓடுகிறவர் உள்கோட்டை ஒட்டியே ஓட மாட்டார், 20 செ.மீ. தள்ளித்தான் ஓடுவார் என்பது விதி. அதைக் கழித்தால் 18.90. இதுதான் நீங்கள் கயிறு பிடிக்க வேண்டிய ஆரம். இரண்டு மையங்களிலும் இரும்புக் குழாய் ஒன்றைத் தரை மட்டத்துக்குப் புதைத்து மூடி போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் மையத்தைத் தேட வேண்டியதில்லை. பாதை ஒவ்வொன்றும் 1.22 மீட்டர். நான்கு பாதை போட்டால் மொத்தம் 87.5-க்கு 47.5 மீட்டர் சுமாராக வரும். பாதைக்குள்ளேயே ஒரு முழுச் சுற்று ஓட விட்டால், வெளிப்பாதைக்காரர் ஒவ்வொருவரையும் அவருக்கு உள்பக்கம் இருப்பவரைவிட 7.67 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும்.

இந்தப் பாதையில் எட்டுச் சுற்று சரியாக 1,600 மீட்டர். ராணுவ ஆள்சேர்ப்பில் ஓடச் சொல்வது அதே தூரம்தான். 1,500 மீட்டர் ஓட வேண்டிய போலீஸ் தேர்வுக்கு ஏழரைச் சுற்று. ஊர்ப் பையன்கள் காலை ஐந்து மணிக்குக் கைபேசி டார்ச்சோடு வந்து நிற்பதற்கு இது ஒன்றே போதும். 100 மீட்டர் நேர் ஓட்டத்துக்கு மட்டும் இந்த நிலத்தில் இடம் கிடைக்காது, அதற்கு ஏரிக்கரைதான்.

கோடு போடும் பொடி: சுட்ட சுண்ணாம்பைக் கையால் தொடவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். நீர்த்த சுண்ணாம்பும் எரிச்சல்தான். பிளீச்சிங் பவுடரைத் தூவும் பள்ளிகளும் உண்டு, அதுவும் தவறு. கடையில் மூட்டையாகக் கிடைக்கும் வெள்ளைக் கல் கோலமாவு போதும். அடியில் ஓட்டை போட்ட டப்பாவைக் குச்சியில் கட்டி நடந்தால் கோடு நேராக விழும். காற்றடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கம்பிகள்

மைதானத்தின் ஓரத்தில், வேப்ப மரமோ புங்க மரமோ நிழல் தரும் இடத்தில் சின்னிங் பார் மூன்று நடுங்கள்: ஐந்தரை அடி, ஆறரை அடி, ஏழரை அடி. பிடிக்கும் கம்பிக்கு ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் எடுத்தால் வெளிச்சுற்று விட்டம் 34 மில்லிமீட்டர் அளவில் வரும், பிள்ளைகள் கைக்குப் பிடி சரியாக அடங்கும். இரண்டு இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு, "ஒருத்தனும் இழுக்க மாட்டேங்கிறான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தூண் இரண்டரை அடி ஆழம் கான்கிரீட்டில் போக வேண்டும். வெல்டிங் பிசிறை அரம் போட்டு ராவி, பெயின்ட் அடிக்காமல் பிடி இருக்கும் இடத்தை வெறுமனே விடுங்கள். வெயிலில் கம்பி பழுக்கும் என்பதால்தான் நிழல்.

பக்கத்தில் ஒரு கயிறு ஏறுமிடம், ஒன்பது அடி இடைவெளியில் இரண்டு கோடு போட்ட தாண்டுமிடம். ராணுவத் தேர்வில் ஒன்பதடிப் பள்ளம் தாண்டச் சொல்வார்கள் என்பதால் அது. கர்லாக்கட்டை சுழற்றத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் ஜோடி ஒன்று வாங்கி வையுங்கள், தோளுக்கு அதற்கு இணையான பயிற்சி குறைவு. சிலம்பம் முதலமைச்சர் கோப்பையிலேயே இருக்கிறது, மூங்கில் செலவும் பெரிதில்லை.

கால்பந்து, ஹேண்ட்பால் கோல் கம்பம் வைப்பதாக இருந்தால் தரையில் கட்டாயம் பிணைக்க வேண்டும். தளர்வாக நிற்கும் கம்பத்தில் பிள்ளைகள் தொங்கும், அது அப்படியே கவிழும். உலகம் முழுக்க இப்படி உயிர் போயிருக்கிறது.

ஆறாம் படி: பளுதூக்கும் அறை

ஏன் வேலூரில் ஜிம் என்றால் பளுதூக்குதலைச் சொல்கிறேன்? சத்துவாச்சாரியில் வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர், பளு தூக்கியவர். 2014-இல் ஸ்நாட்சில் (தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ. பெரிய மைதானமோ விலையுயர்ந்த மின் எந்திரமோ கேட்காத விளையாட்டு இது. ஒரு மேடை, ஒரு பார், கண்டிப்பான ஒரு ஆள் போதும்.

அறை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். மாடியில் பளுவைப் போட்டால் தளம் என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்கிய வகுப்பறையாக இருக்கட்டும். இருபதடிக்கு இருபதடி அறையில் ஒரு மேடைதான் போட முடியும். ஆண்கள் பார் 2.20 மீட்டர் நீளம். இரு பக்கமும் ஒரு மீட்டர் காலி விட்டால் 4.20 மீட்டர் போய்விடுகிறது. "இன்னொண்ணு நெருக்கிப் போடலாமே சார்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். மீதி இடம் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுவது), பாய்ப் பயிற்சிக்கு.

போட்டி மேடை 4-க்கு 4 மீட்டர், பயிற்சிக்கு இரண்டரைக்கு இரண்டரை போதும். சமமான கான்கிரீட் தரைமேல் முக்கால் இஞ்ச் பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டுத் திருகுங்கள். தட்டு விழும் இரு ஓரத்திலும் கனமான ரப்பர் பாய், நடுவில் கால் ஊன்றும் இடம் வெறும் மரம். ரப்பரில் நின்று தூக்கினால் கால் அமுங்கும்.

பார் வாங்கும்போது ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ என்று இரண்டும் கேளுங்கள். ஆண்கள் பாரின் பிடி 28 மி.மீ., பெண்களுக்கு 25 மி.மீ. ஆனால் இவற்றை முதலில் வாங்காதீர்கள். 5 கிலோ, 10 கிலோ பழகு பார்களும், எடை குறைந்தாலும் 45 செ.மீ. விட்டம் உள்ள ரப்பர் தட்டுகளும்தான் முதல் தேவை. தட்டு சின்னதாக இருந்தால் பிள்ளை அதிகமாகக் குனிந்து எடுக்கும், முதுகு வளையும், அந்தப் பழக்கம் பின்னால் போகவே போகாது. ஆரம்பத்தில் மூங்கில் கழியே போதும்.

கற்றுத்தரும் வரிசை: பஸ்கி, கழியைத் தோளில் முன்பக்கம் வைத்துப் பஸ்கி, தரையிலிருந்து எடுப்பது, அப்புறம் கிளீன், ஜெர்க், கடைசியில் ஸ்நாட்ச். இவற்றுக்கெல்லாம் முன்னால் கற்றுத்தர வேண்டியது ஒன்று உண்டு: பளுவைக் கைவிடுவது. தலைக்கு மேல் போன பார் முன்னால் சாய்ந்தால் கையை விட்டு நீ பின்னால் போ, பின்னால் சாய்ந்தால் நீ முன்னால் வா. இதைக் கழியில் பலமுறை செய்ய வைத்த பிறகே இரும்பைத் தொட விடுங்கள். தூக்குகிறவருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது, தட்டுக்குக் காலர் (தட்டு நழுவாமல் பிடிக்கும் கவ்வி) மாட்டாமல் யாரும் தூக்கக் கூடாது. ஒரே எடையில் ஐந்து முறை சுத்தமாக வந்தால்தான் அடுத்த எடை. யார் அதிகம் தூக்குவது என்ற பந்தயம் பள்ளி அறையில் நடக்கவே கூடாது.

"வெயிட் தூக்கினா பிள்ளை வளராது" என்று வீட்டில் சொல்வார்கள். ஆள் பக்கத்தில் நின்று முறையாகக் கற்றுத்தரும் பயிற்சியால் வளர்ச்சி நிற்பதாக ஆதாரம் இல்லை. குழந்தை மருத்துவர்கள் அமைப்புகளே அனுமதிக்கின்றன. சர்வதேசப் போட்டியில் இளையோர் பிரிவு 13 வயதில் தொடங்குகிறது. அம்மாக்களை ஒரு நாள் அறைக்கு அழைத்து, கழியும் 5 கிலோ பாருமாகப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று காட்டிவிடுங்கள்.

மாணவிகளுக்குத் தனி நேரம், அருகில் பூட்டு போடக்கூடிய கழிவறை, உடை மாற்ற இடம். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், பயிற்சி நேரத்தில் ஒரு ஆசிரியையாவது அங்கே இருக்க வேண்டும். வெளியாள் யாரும் பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பயிற்சியாளர் என்றாலும் இதுதான் விதி. மைதானத்திலும் மாணவிகளை டெனிகாய்ட் வளையத்தோடு மூலைக்கு அனுப்பிவிட்டு, நடுவை ஆண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். வாரத்தில் பாதி நாள் நடு மைதானம் அவர்களுக்கு.

ஏழாம் படி: வெயிலும் பீரியடும்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரி சர்வசாதாரணம். காலை எட்டு மணிக்குள், இல்லை மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகல் பி.டி. பீரியடை மர நிழலுக்கோ அறைக்கோ மாற்றுங்கள். அறைக்கூரை தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், உள்ளே சூடு நன்றாகவே குறையும். தண்ணீர்ப் பானை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முதலுதவிப் பெட்டி மூன்றும் மைதானத்துக்கே வர வேண்டும். ஒரு பிள்ளை தடுமாறிப் பேசினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து கொடுத்தால் பன்னிரண்டு பேர் விளையாடுவார்கள், மீதி வேடிக்கை பார்க்கும். பத்துப் பத்துப் பேராக நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு சின்னிங் பாரில், ஒன்று கோ-கோ திரும்பல் பயிற்சியில், ஒன்று சுவரில் வாலிபால் அடிப்பதில், ஒன்று நீளம் தாண்டும் குழியில். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறு. ஒரு பீரியடில் நாற்பது பேருக்கும் வேர்க்கும், பந்தும் ஒன்றிரண்டே போதும்.

எட்டாம் படி: காப்பாற்றுவது

ராத்திரி மைதானத்துக்கு வரும் 'குடிமகன்'கள் விட்டுப்போகும் கண்ணாடிச் சில்லுதான் பெரிய தலைவலி. தினமும் காலை முதல் வேலையாக ஒருவர் ஆடுகளங்களை நடந்து பார்க்க வேண்டும். கபடிக் களத்தை வாரம் ஒருமுறை பல்லுவாரி போட்டு இழுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடமே இந்தப் பொறுப்பைக் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்பவர்கள் உண்டு. ஒரு விளக்குக் கம்பமும் போட்டுவிட்டால் பாட்டில் கூட்டம் வேறு இடம் பார்க்கும்.

பொருள் பீரோவில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, ஸ்டாக் ரிஜிஸ்டர் பயம். பந்து கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியர் தயங்குவார். வருடத்துக்கு ஒருமுறை மேலாண்மைக் குழு முன்னிலையில் தேய்ந்த பொருளைப் பட்டியல் போட்டு, கழிவு நீக்கம் என்று தீர்மானத்தில் எழுதிவிட்டால் அந்தப் பயம் போகும். சாவி இரண்டு இருக்கட்டும்: ஒன்று பி.டி. ஆசிரியரிடம், ஒன்று அலுவலகத்தில்.

போட்டிகளுக்கான காகிதத்தை ஜூன் மாதமே தொடங்குங்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னெழுத்து மாறியிருந்தால்கூட அன்றைக்குக் களத்தில் திருத்த முடியாது. விளையாட வேண்டிய பிள்ளை வெளியே உட்கார வேண்டியதுதான். திருத்தம் தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் வாரமே எடுத்து, பெற்றோரை இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.